வாய் திறக்காத எழுத்து

நற்பிட்டிமுனை
08.02.1981

அன்பின் காலிதீன் காக்காவுக்குத் தங்கை முனவ்வறா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான் மூவரும் சுகம். கத்தாரில் நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். வாப்பாவின் கால் பனிக்கு மட்டும் குடைகிறது. முன்மாரி நெல் வெட்டுத் தொடங்கிவிட்டதால் வீட்டில் இருக்கச் சொன்னாலும் கேட்கிறாரில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போய் வரம்பில் நின்று சத்தம் போட்டுவிட்டு வருகிறார்.

ஒரு புதினம். வீட்டில் இங்கிலீஷ் வகுப்புத் தொடங்கியிருக்கிறேன். ஏ.எல். பரீட்சை எடுத்து இரண்டு வருசமாக வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டு இருக்கிறேனே. பக்கத்து வீட்டு றஹீமாவின் உம்மா வந்து, "சும்மா இருக்கிற நேரத்துல என்ட புள்ளைய ஒரு மணித்தியாலம் இருத்தி வாசிக்கப் பழக்கிவிடு மனே" என்றா. இப்போது ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாருக்கும் ஆறு, ஏழு வயது. கல்முனையில் கடை வைத்திருக்கும் பக்கீர் ஹாஜியாரின் மகளும், குணம் அண்ணரின் மகள் மீனாம்பிகையும் அதில் அடக்கம்.

முதல் நாள் றஹீமா ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். எனக்குப் பெரிய சந்தோசம். பிறகு ஒரு சந்தேகம் வந்து புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கொடுத்தேன். அப்போதும் அதே வேகத்தில் வாசித்தாள்!

"எப்படி மனே வாசிச்ச?"

"இந்தப் பக்கத்துல பூனை. அடுத்த பக்கத்துல நாய். எனக்கு எல்லாம் பாடம் டீச்சர்."

சிரித்துவிட்டேன். ஆனால் ஆறு பேரும் அப்படித்தான். 'சீ ஏ டீ கெட்' என்று பாடத் தெரியும். 'சீ ஏ பீ' என்று எழுதினால் அதையும் கெட் என்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஸ்டோர் கீப்பர் வேலை எப்படி? உம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டா. இனிச் சம்மாந்துறைக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும்.

துஆவுடன்,
முனவ்வறா


டோஹா
03.03.1981

அன்புத் தங்கச்சிக்குக் காக்காவின் ஸலாம்.

நான் சுகம். உங்கள் எல்லோரின் சுகமும் அறிந்து மனம் குளிர்ந்தது. வாப்பாவை வயலுக்கு விடாதே. என் சொல்லைக் கேட்கமாட்டார், உன் சொல்லையாவது கேட்கட்டும்.

ஸ்டோரில் வேலை நடக்கிறது. அதில் எழுத ஒன்றுமில்லை. அடுத்த கட்டிலில் சம்மாந்துறை முகம்மது தம்பி இருப்பதால் ஊர்க் கதைக்குக் குறைவில்லை.

உன் வகுப்பைப் பற்றி எழுதியதை நாலைந்து தரம் வாசித்தேன். இங்கே குடும்பத்தோடு இருக்கும் கூட்டாளி ஒருவருக்கு ஆறு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனுக்கும் வாசிக்க வருகிறதில்லையாம். நீ எப்படிப் படிப்பிக்கிறாய் என்று எழுதினால் அவரிடம் சொல்வேன். முதல் நாளிலிருந்து எழுது. இது சின்ன விசயம்தானே என்று ஒன்றையும் விட்டுவிடாதே. இங்கிலீஷ் எழுத்தைப் பெரிதாக எழுது.

உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஸலாம் சொல்லவும்.

காக்கா
காலிதீன்


நற்பிட்டிமுனை
25.03.1981

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் வந்த அன்று உம்மா கஞ்சி காய்ச்சி அயலுக்குக் கொடுத்தா.

கூட்டாளியின் மகனுக்காக விபரமாக எழுதுகிறேன். ஒவ்வொரு எழுத்துக்கும் பெயர் வேறு, சத்தம் வேறு. 'எம்' என்பது பெயர். 'ம்' என்பது சத்தம். வாசிக்கும்போது பெயரை மறந்துவிட்டுச் சத்தத்தைக் கூட்ட வேண்டும். இது நமக்குப் புதிதில்லை காக்கா. ஓதப்பள்ளியில் லெப்பை 'அலிபு, பே' என்று பெயரைச் சொல்லித் தந்து அதோடு விட்டாரா? ஸபர், ஸேர், பேஷ் சேர்த்து 'ப, பி, பு' என்று கூட்டித்தானே ஓதப் பழக்கினார்? அதே முறைதான். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். எஃப் என்ற எழுத்துக்கு 'ஃபே' போலச் சொல்லு என்றால் போதும். மீனாம்பிகைக்கு ஓதப்பள்ளி இல்லையே. அவளுக்கு றஹீமா உதட்டைக் கடித்துக் காட்டிக் கொடுக்கிறாள்.

முதலில் ஆறே ஆறு எழுத்துத்தான். அவற்றைக் கீழே பெரிதாக எழுதியிருக்கிறேன். அந்த ஆறையும் மாற்றி மாற்றி வைத்துச் சொற்கள் செய்யலாம். சொல்லின் முடிவில் 'உ' சேர்க்க விடக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு 'பென்' என்றால் 'பென்னு' என்றுதான் வாயில் வரும். மிக முக்கியம், படத்தைப் பார்த்து ஊகிக்க விடக்கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும்.

நேற்று பக்கீர் ஹாஜியார் வந்தார்.

"என்ட மகள் ரெண்டு மாசமா உன்கிட்ட வாறா. இன்னும் ஏபிசி முழுக்கச் சொல்லத் தெரியா. வீட்ட வந்து 'ஸ்... ம்...' எண்டு பாம்பு மாதிரிச் சீறுறா. இதுக்கா புள்ள அனுப்பின?"

"ஓதப்பள்ளியில கூட்டி ஓதுற மாதிரித்தான் ஹாஜியார் இதும்."

"அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். தேத்தண்ணீர் கூடக் குடிக்கவில்லை.

துஆவுடன்,
முனவ்வறா


டோஹா
10.05.1981

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான் சுகம். பதில் பிந்தியதற்குக் கோபிக்காதே. வெயில் தொடங்கிவிட்டது. வேலையும் அதிகம்.

நீ எழுதித் தந்த ஆறு எழுத்தும் அந்தப் பிள்ளைக்கு வந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் மற்ற எழுத்துகளையும் எழுதினாயே, அவையும் முக்கால்வாசி வந்துவிட்டன. ஓதப்பள்ளியைச் சொன்னது நல்ல உதவி. இப்போது அவனுக்கு ஒரு சிக்கல். ஒரு பெட்டியில் 'பி ஐ பி ஈ' என்று எழுதியிருக்கிறதாம். நீ சொன்னபடி சத்தத்தைக் கூட்டினால் 'பிபெ' என்று வருகிறது. ஆனால் எல்லாரும் அதைப் பைப் என்கிறார்கள். வயருக்கும் அதே கதைதான். நீ சொன்ன முறையில் பிழையா, அல்லது பெட்டியில் எழுதியவன் பிழையா என்று கேட்கிறான். கெதியில் எழுது. அவன் காத்திருக்கிறான்.

காக்கா


நற்பிட்டிமுனை
28.05.1981

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். வெயிலில் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி உம்மா எழுதச் சொன்னா.

அந்தப் பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். என் வகுப்பில் ஒருவரும் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. பெட்டியில் பிழையில்லை. சொல்லின் கடைசியில் நிற்கும் அந்த 'ஈ' வாய் திறக்காது. தான் பேசாமல் நின்றுகொண்டு, முன்னால் இருக்கும் உயிரெழுத்தை அதன் சொந்தப் பெயரைச் சொல்ல வைக்கும். அதனால்தான் 'இ' என்று ஒலித்த எழுத்து 'ஐ' என்கிறது. பைப், லைன், ஃபைல், டைம் எல்லாம் இப்படித்தான். அவனுக்கு உதவும் என்று இருபது சொல் கீழே எழுதியிருக்கிறேன்.

உம்மாவுக்கு உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது, "ஆறு வயசுப் புள்ளைக்கு பைப்பும் வயரும் என்னத்துக்கு?" என்று கேட்டா. டோஹாவில் பார்க்கிற இடமெல்லாம் பைப்தான் உம்மா என்று சொல்லிவிட்டேன்.

ஹாஜியார் மகளை நிறுத்திவிட்டார். கல்முனையில் ஒரு மாஸ்டரிடம் விட்டிருக்கிறாராம். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். இப்போது றஹீமா, மீனாம்பிகை, இன்னுமொரு பிள்ளை, மூவர்தான். பாய் பெரிதாகத் தெரிகிறது. நான் செய்வது சரிதானா என்று சில நேரம் தெரியவில்லை காக்கா. விட்டுவிடலாமா என்றும் நினைப்பு வருகிறது.

முனவ்வறா


டோஹா
16.06.1981

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான் சுகம். உன் கடிதம் கண்ட அன்றே இதை எழுதுகிறேன்.

விடாதே. மூன்று பேர் இருந்தால் மூன்று பேருக்குப் படிப்பி. நீ செய்வது சரி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரியும். அந்தப் பிள்ளை பைப்பை வாசித்த அன்று அவனுக்கு வந்த சந்தோசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

பெருநாளைக்கு முகம்மது தம்பி லீவில் ஊருக்கு வருகிறார். உங்களுக்குச் சாமான் கொடுத்துவிடுகிறேன். அவர் நல்ல மனிதர். ஆனால் கதை கூட. சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம்.

காக்கா


நற்பிட்டிமுனை
29.08.1981

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நல்ல சுகம். பெருநாள் நன்றாகப் போனது. நீங்கள் அனுப்பிய சேலையை உம்மா உடுத்துக்கொண்டு ஏழு வீட்டுக்குப் போய் வந்தா.

முகம்மது தம்பி காக்கா வந்து சாமானைத் தந்தார். "என்ட மகன் ஸ்டோர்ல நல்லா இரிக்கானா?" என்று உம்மா கேட்டா. "ஓம் ராத்தா. விடிஞ்சா பொழுதுபட்டா ஸ்டோரும் அவரும்தான்" என்றார். வழியனுப்ப நான் வாசல் கடப்படி வரை கூடப் போனேன். அங்கே நின்று வேறொரு கதையும் சொன்னார். அது இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு சந்தோசம் சொல்ல வேண்டும். போன கிழமை றஹீமா தன் உம்மாவோடு ஹாஜியாரின் கடைக்குப் போயிருக்கிறாள். தட்டில் புதுசாக ஒரு பால்மா டின் இருந்ததாம். படம் ஒன்றுமில்லாத டின். நின்று பார்த்துவிட்டு 'ம்-இ-ல்-க்' என்று கூட்டி, "மில்க்!" என்று கத்தியிருக்கிறாள்.

"உனக்கு ஆரு சொல்லித் தந்த?" என்று ஹாஜியார் கேட்டாராம்.

"ஒருத்தரும் இல்ல. அதுலதான் எழுதியிருக்கே."

கடையில் நின்ற ஆட்கள் எல்லாரும் சிரித்தார்களாம். ஹாஜியார் சிரிக்கவில்லையாம்.

இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பார்சலையும் முகம்மது தம்பி காக்காவின் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். சப்பாத்துப் பெட்டி மட்டையில் வெட்டிய நாற்பது அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல். நட், போல்ட், பெண்ட், பிளக், டேங்க், டிரம், பம்ப் இப்படி. பின்பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு.

துஆவுடன்,
முனவ்வறா


நற்பிட்டிமுனை
21.10.1981

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது, கடிதமில்லை. தபால்காரரின் பெல் சத்தம் கேட்டால் உம்மா கடப்படிக்கு ஓடுகிறா. இரண்டு வரி போதும். நான் ஏதும் பிழையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முனவ்வறா


டோஹா
06.12.1981

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். மூன்று மாதம் எழுதாமல் இருந்தது என் பிழை. உன்மேல் ஒரு பிழையும் இல்லை.

பார்சலை அறையில் எல்லாருக்கும் முன்னால் பிரித்தேன். மேலே இருந்தது நட் என்ற அட்டை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த நிமிசமே எனக்குத் தெரிந்துவிட்டது. கோபம் வந்தது. உன்னில் கோபமா, முகம்மது தம்பியிலா, என்னிலேயா என்று விளங்கவில்லை. அட்டைகளை மெத்தைக்குக் கீழே போட்டுவிட்டேன்.

நான் ஸ்டோர் கீப்பர் இல்லை முனவ்வறா. ஒரு நாளும் இருந்ததில்லை. லொறியிலிருந்து பெட்டி இறக்கி உள்ளே அடுக்குவதுதான் வேலை. ஏஜென்சிக்காரன் சொன்னதை நம்பி உம்மாவுக்கு முதல் கடிதம் எழுதினேன். வந்து பார்த்தபின் மாற்றி எழுதக் கை வரவில்லை. போன தைமாதம் ஒரு பெட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டேன். அதைத் தேடி சைட்டில் அரை நாள் வேலை நின்றது. ஸ்டோர் கீப்பர் கேரளத்துக்காரர். "எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியாதா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். கண்ணுக்குத் தெரிந்தது. என்னவென்றுதான் தெரியவில்லை. அடுத்த மாதம் உன் கடிதம் வந்தது, வகுப்புத் தொடங்கினேன் என்று. கூட்டாளியும் இல்லை, கூட்டாளியின் மகனும் இல்லை.

எட்டாம் நாள் அட்டைகளை எடுத்தேன். ஒரு நாளைக்கு ஐந்து. சாப்பாட்டு நேரத்தில் ரேக் ரேக்காகப் போய் அட்டையையும் பெட்டியையும் ஒத்துப் பார்த்தேன். முகம்மது தம்பி பக்கத்தில் நின்று ஆட்கள் வராமல் பார்த்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று கதை வந்தது. பெட்டி இறக்கிற ஆட்களில் பாதிப்பேரை ஊருக்கு அனுப்புவார்களாம். அந்த நேரம் பார்த்துக் கேரளத்துக்காரர் வருத்தமாகி ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்ஜினியர் வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்து, கையில் ஒரு லிஸ்டோடு, யாருக்கு வாசிக்கத் தெரியும் என்று கேட்டார். என் கை தூக்கியதை நானே பிறகுதான் கண்டேன்.

லிஸ்டில் ஒன்பது சாமான். எட்டை எடுத்து வந்து வைத்தேன். ஒன்பதாவது நீளமான சொல். மூன்று தரம் கூட்டினேன், வரவில்லை. ஊகித்து ஒன்றை எடுத்திருக்கலாம். ஆனால் நீ ஊகிக்கக் கூடாது என்று எழுதியிருந்தாயே. "நோ சேர், திஸ் வன் ஐ டோன்ட் நோ" என்றேன். அவர் "குட்" என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆள்தான் ஸ்டோருக்கு வேண்டும் என்றாராம். முகம்மது தம்பி பிறகு விளங்கப்படுத்தினார்.

முதலாம் திகதியிலிருந்து நான் ஸ்டோரில் உதவியாள். கேரளத்துக்காரரும் திரும்பி வந்துவிட்டார். இப்போது பெட்டி வந்தால் நான் வாசிக்கிறேன், அவர் எழுதுகிறார். உம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவதும் விடுவதும் உன் விருப்பம்.

காக்கா
காலிதீன்


நற்பிட்டிமுனை
02.01.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே எல்லாருக்கும் நல்ல சுகம். உங்கள் கடிதத்தை முதலில் தனியாக வாசித்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

வாப்பா காலைத் தடவிக்கொண்டிருந்தார். உம்மாதான், "பெட்டி இறக்கினா என்ன? களவா எடுத்தான்?" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஸ்டோர்லதானே?" என்று கேட்டா.

"ஓம் உம்மா."

"அப்ப நான் ஊருக்குச் சொன்னது பொய்யில்ல. கொஞ்சம் முந்திச் சொல்லிட்டன், அவ்வளவுதான்."

எனக்கு பைப் வந்த கடிதத்திலேயே தெரியும் காக்கா. கேட்டிருந்தால் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். வாப்பா வண்டியால் விழுந்த வருசம் நீங்கள் ஐந்தாம் வகுப்பு. மறுநாளே வயலில் இறங்கினீர்கள். நான் எட்டாம் வகுப்பு முடித்ததும் போதும் என்று வாப்பா சொன்னபோது, "ரெண்டு பேருல ஒராளாவது படிக்கட்டும்" என்று நீங்கள் சொன்னதை அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. கடிதம் என்றபடியால் எழுதிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஹாஜியார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "பாம்பு மாதிரிச் சீறட்டும் புள்ள, பரவாயில்ல" என்றார். இந்த முறை தேத்தண்ணீர் குடித்தார். இப்போது பதினொரு பிள்ளைகள். குணம் அண்ணர் ஒரு கரும்பலகை செய்து கொண்டுவந்து தந்திருக்கிறார்.

லீவு எப்போது?

துஆவுடன்,
முனவ்வறா


நற்பிட்டிமுனை
14.06.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாகப் போய்ச் சேர்ந்த தந்தி கிடைத்து எல்லாரும் நிம்மதியானோம். ஒரு மாதம் ஒரு நாள் போலப் போய்விட்டது. நோன்பு வருகிறது, நீங்கள் இல்லாமல் நோன்பு திறப்பது உம்மாவுக்குக் கவலை.

நீங்கள் வீட்டில் நின்ற நாளெல்லாம் நானும் அந்தக் கடிதங்களைப் பற்றிப் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. ஆனால் வகுப்பு நேரத்தில் ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வந்து வந்து பின்னால் குந்தினீர்கள். கதவுப் பூட்டைத் திருத்த எத்தனை நாள் வேண்டும் காக்கா? கடைசியில் றஹீமாதான் புத்தகத்தைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்து, "இப்ப உங்கட முறை" என்றாள். நீங்கள் வாசித்தீர்கள். பதினொரு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கேட்டார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, அழிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தை அழித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று றஹீமா கேட்டாள்.

"டீச்சர், உங்கட காக்கா இனி எப்ப வருவாரு?"

"ரெண்டு வருசம் செல்லும்."

"அவரு நல்லா வாசிக்கிறாரு. ஆனா விரலை வச்சு வச்சு வாசிக்கிறாரு. நாங்க அதெல்லாம் எப்பவோ விட்டுட்டம். கடிதத்துல எழுதுங்க டீச்சர். மறந்திடாதீங்க."

மறக்காமல் எழுதிவிட்டேன்.

முனவ்வறா


டோஹா
09.07.1982

அன்புத் தங்கச்சிக்கு,

ஸலாம். நான் நல்ல சுகம். நோன்பு சுகமாகப் போகிறது. கேரளத்துக்காரர் லீவில் போயிருக்கிறார். சாவி என்னிடம் இருக்கிறது. உம்மாவுக்குச் சொல்; இனி முந்திச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

பிள்ளைகள் எல்லாருக்கும் ஸலாம். றஹீமா சொன்னது சரி. நீயும் கண்டிருப்பாய், சொல்லாமல் விட்டுவிட்டாய். உன் கடிதம் கிடைத்த நாளிலிருந்து விரலை எடுத்துவிட்டேன் என்று அவளிடம் சொல். நீளமான சொல் வந்தால் மட்டும், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு, ஒரு தரம் வைக்கிறேன்.

அதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

காக்கா